செவிவழி வாசிப்பும் தமிழின் முதல் நாவலும்: பிரதாப முதலியார் சரித்திரம் குறித்த ஒரு மறுமதிப்பீடு

முன்னுரை

தமிழ் நாவலின் வரலாற்றைக் கற்பிப்போர் 1879ஆம் ஆண்டைக் குறிப்பிடாமல் தம் பாடத்தைத் தொடங்குவதில்லை. மாயூரம் வேதநாயகம் பிள்ளை எழுதிய பிரதாப முதலியார் சரித்திரம் அவ்வாண்டில்தான் அச்சேறியது. தமிழின் முதல் நாவல் என்னும் பெருமை அதற்கு உண்டு. எனினும், அந்நூலை விரும்பி இறுதிவரை படித்தவர் யார் என்று வகுப்பில் வினவினால் பெரும்பாலும் அமைதியே விடையாகக் கிடைக்கிறது. மாணவர்கள் நூலின் பெயரையும் ஆசிரியர் பெயரையும் ஆண்டையும் மனனம் செய்கின்றனர், நூலைப் படிப்பதில்லை. ஆசிரியர்களாகிய நம்முள்ளும் பலர் அதனை ஒரு வரலாற்றுச் சின்னமாக மதிக்கின்றோமேயன்றி, சுவைக்கத்தக்க படைப்பாகக் கருதுவதில்லை.

இக்கட்டுரையாளரும் நெடுங்காலம் அவ்வாறே கருதிவந்தார். பாடநூற்பட்டியல் ஒன்று மறுசீரமைக்கப்பட்டபோது, இந்நாவலை முழுமையாகப் படிக்க வேண்டிய நூல்களிலிருந்து விலக்கி ஒரு பக்க வரலாற்றுக் குறிப்பாகச் சுருக்கலாம் என்று முன்மொழிந்தவர்களுள் அவரும் ஒருவர். அம்முன்மொழிவு ஏற்கப்பட்டது. பின்னர், அதே நாவலைக் காதால் கேட்கும் வாய்ப்பு எதிர்பாராமல் அமைந்தது. கண்ணால் படித்தபோது சலிப்பூட்டிய பகுதிகள் பல, கேட்டபோது உயிருடன் இருந்தன. அம்மாற்றத்திற்குக் குரலின் இனிமை மட்டுமே காரணமா, அன்றி நூலின் இயல்பிலேயே அதற்கான காரணம் உள்ளதா என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். செவிவழி வாசிப்பை வகுப்பறையில் எவ்வாறு, எந்த அளவிற்குப் பயன்படுத்தலாம் என்பதும் இறுதியில் சுட்டப்படுகிறது.

ஏமாற்றத்தின் காரணங்கள்

முதலில் ஏமாற்றத்தை நேர்மையாக எடுத்துரைத்தல் வேண்டும். நாவல் என்னும் இலக்கிய வகையிடம் இன்றைய வாசகர் எதிர்பார்ப்பவை சில உள்ளன: ஒருமுகப்பட்ட கதைப்போக்கு, அகமாற்றம் அடையும் பாத்திரங்கள், நம்பத்தகுந்த சூழல், இயல்பான உரையாடல் ஆகியன. பிரதாப முதலியார் சரித்திரத்தில் இவை குறைவாகவே உள்ளன. கதைத்தலைவனாகிய பிரதாப முதலியே தன் வரலாற்றைக் கூறுகிறான். அவன் பிறப்பு, பாட்டியின் செல்லத்தால் கெட்ட இளமைக் கல்வி, ஞானாம்பாளுடன் கொண்ட அன்பு, இரு தந்தையரின் பிடிவாதத்தால் திருமணத்திற்கு நேர்ந்த தடை, பின்னர் மணவாழ்க்கை, பிரிவு, விக்கிரமபுரி என்னும் நாட்டில் நேரும் விந்தைகள் என்று கதை செல்கிறது. இடையிடையே பாத்திரங்கள் ஒருவருக்கொருவர் கதை சொல்கின்றனர், அறம் உரைக்கின்றனர், தாய்மொழி, நீதிமன்றம், பெண்கல்வி முதலியன குறித்து நீளமாகப் பேசுகின்றனர். முதன்மைக் கதை பல இடங்களில் நின்றுவிடுகிறது.

இதற்குப் பின் வந்த பி. ஆர். ராஜமய்யரின் கமலாம்பாள் சரித்திரம் 1893 முதல் 1895 வரை விவேக சிந்தாமணி இதழில் தொடராக வெளிவந்து 1896இல் நூலாயிற்று. அ. மாதவையாவின் பத்மாவதி சரித்திரம் 1898இல் வெளிவந்தது. இவ்விரு நூல்களையும் படித்த மாணவர் அவற்றில் வீட்டையும் தெருவையும் மனிதர்களின் மனப்போராட்டத்தையும் காண்கின்றனர். அவற்றினின்று பிரதாப முதலியார் சரித்திரத்திற்குத் திரும்பும்போது, ஏறத்தாழ 20 ஆண்டுகள் மட்டுமல்லாமல் ஒரு யுகமே பின்னோக்கிச் சென்றதுபோல் உணர்கின்றனர். க. கைலாசபதியின் தமிழ் நாவல் இலக்கியம் 1968இல் வெளிவந்த பின்னர், சமூகத்தை நடப்பியல் நோக்கில் காட்டுவதே நாவலின் தகுதி என்னும் அளவுகோல் நம் கல்வித்துறையில் வலுப்பெற்றது. அந்த அளவுகோலால் அளந்தால் வேதநாயகம் பிள்ளையின் நூல் குறைபாடுடையதே.

இவற்றுடன் மொழிநடையும் ஒரு தடையாகிறது. வடசொற்கள் மிக்க நீண்ட தொடர்கள், ஒரே பத்தியில் கலந்து வரும் விவரிப்பும் பேச்சும், பல பக்கங்களுக்கு நீளும் அறவுரைகள் ஆகியவை இன்றைய மாணவரின் கண்ணைக் களைப்படையச் செய்கின்றன. பேச்சுத்தமிழை வீட்டில் கேட்டு வளர்ந்து, எழுத்துத்தமிழைப் பள்ளியில் மட்டுமே சந்திக்கும் மலேசிய, சிங்கப்பூர் மாணவருக்கு இத்தடை இன்னும் பெரிது.

கேட்க நேர்ந்த சூழல்

இக்கட்டுரையாளரின் நண்பர் ஒருவரின் தந்தை ஓய்வுபெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியர். முதுமையில் அவருடைய பார்வை மங்கியது. தாம் இளமையில் பாதியோடு நிறுத்திவிட்ட பிரதாப முதலியார் சரித்திரத்தைப் படித்து முடிக்க வேண்டும் என்று அவர் விரும்பினார். நண்பர் நாள்தோறும் இரவு உணவுக்குப் பின் ஓர் இயலைப் படித்துக் காட்டினார். தந்தை மறுநாளும் கேட்கட்டும் என்று கைப்பேசியில் அதைப் பதிவும் செய்தார். அப்பதிவுகளை இக்கட்டுரையாளர் கேட்டுப் பெற்று, பணிக்குச் சென்று திரும்பும் வழியில் மகிழுந்தில் ஒன்றரை மாத காலம் கேட்டார். கேட்கத் தொடங்கியதற்கு நண்பரின் மீதுள்ள அன்பே காரணம். நூலின் மீதுள்ள ஆர்வம் அன்று.

நண்பர் நடிகர் அல்லர். பாத்திரத்திற்கு ஏற்பக் குரலை மாற்ற அவர் முயலவில்லை. பின்னணி இசை இல்லை. ஆயினும் அப்பதிவில் நூலோடு இன்னொன்றும் இருந்தது. கேட்டுக்கொண்டிருந்த முதியவரின் குரல் இடையிடையே ஒலித்தது. அவர் சில இடங்களில் சிரித்தார். சில இடங்களில் நிறுத்தச் சொல்லி, மீண்டும் படிக்குமாறு கேட்டார். கிளைக்கதை ஒன்று தொடங்கியதும், அது தம் பாட்டி சொன்ன கதைபோல் இருக்கிறதே என்றார். வேறு சில இடங்களில் அவரிடமிருந்து ஓசையே வரவில்லை. இச்சிரிப்பும் குறுக்கீடும் அமைதியுமே பின்வரும் ஆய்வுக்கு வழிகாட்டின.

ஒரு பகுதியை இங்கே எடுத்துக்காட்டலாம். பிரதாபன் சிறுவனாய் இருந்தபோது அவன் செய்யும் பிழைகளுக்காக உபாத்தியாயர் தம் மகன் கனகசபையை அடிக்கிறார். செல்வர் வீட்டுப் பிள்ளையின் மேல் கைவைக்க இயலாது. இதனைப் பிரதாபன் எவ்விதக் கூச்சமும் இன்றி, தனக்குரிய உரிமைபோல் எடுத்துரைக்கிறான். கண்ணால் படித்தபோது இப்பகுதி அறக்கருத்துக்கான ஒரு சான்றாக மட்டுமே இக்கட்டுரையாளருக்குத் தோன்றியது. நண்பர் அதனைச் சமநிலையான குரலில் படித்தபோது முதியவர் உரக்கச் சிரித்தார்; சிரித்து முடித்ததும், பாவம் அந்தப் பையன் என்றார். ஆசிரியராய் வாழ்ந்த ஒருவருக்கு அப்பகுதியின் நகையும் துயரமும் ஒரே நேரத்தில் புலப்பட்டன. தன் குறையைத் தானே அறியாத ஒருவன் தன் கதையைச் சொல்லும்போது எழும் நகைச்சுவை அது. சொல்பவனின் குரல் காதில் விழாதவரை அந்நகைச்சுவை தாளிலேயே உறங்கிக்கிடக்கும்.

தமிழ்த் தொடரமைப்பும் குரலும்

கேட்கும்போது இந்நாவலின் நடை எளிதாகத் தோன்றியதற்கு மொழியியல் அடிப்படையிலான காரணங்கள் உள்ளன. அவற்றுள் மூன்றை இங்கு விளக்கலாம்.

முதலாவது, வினையெச்சங்களின் அடுக்கு. தமிழ்த்தொடரில் முற்றுவினை இறுதியில் வருகிறது. 19ஆம் நூற்றாண்டு உரைநடையாளர்கள் போய், கண்டு, கேட்டு, அஞ்சி, திரும்பி என்றவாறு பல எச்சங்களை அடுக்கி ஒரே தொடரில் ஒரு நிகழ்ச்சி முழுவதையும் கூறுவர். கண்ணால் படிப்பவர் எழுவாயை நினைவில் நிறுத்திக்கொண்டு முற்றுவினைவரை காத்திருக்க வேண்டியுள்ளது. இடையில் கவனம் சிதறினால் தொடரின் தொடக்கத்திற்குத் திரும்ப வேண்டும். படித்துக் காட்டுபவரோ ஒவ்வோர் எச்சத்தின் முடிவிலும் குரலைச் சற்றே உயர்த்தி நிறுத்துகிறார். இன்னும் முடியவில்லை என்பதை அவ்வுயர்வு உணர்த்துகிறது. முற்றுவினையில் குரல் தாழ்கிறது. இதனால் நீண்ட தொடர் சிறுசிறு படிகளாகப் பிரிந்துவிடுகிறது. வாய்மொழிக் கதைசொல்லியின் தொடரும் இத்தகையதே. நாம் செயற்கையான நீளம் என்று குறைகூறியது, பேசும் மூச்சிற்கு இயல்பான நீளமாக இருத்தல் கூடும்.

இரண்டாவது, என்று என்னும் இடைச்சொல்லின் இருப்பிடம். தமிழில் ஒருவர் கூற்று முதலில் வந்து, கூறியவர் யார் என்பது பின்னரே வருவது பெருவழக்கு. விவரிப்பும் உரையாடலும் ஒரே பத்தியில் கலந்து வரும் பழைய உரைநடையில், ஒரு கூற்றைப் பாதி படித்த பின்னரும் பேசுபவர் கணவரா மனைவியா என்ற ஐயம் நீடிக்கலாம். குரலால் படிப்பவர் அடுத்த வரியை முன்கூட்டியே நோக்கி, கூற்றின் முதற்சொல்லிலேயே தம் தொனியை மாற்றிவிடுகிறார். பாத்திரத்திற்கு ஏற்ற நடிப்பு இதற்குத் தேவையில்லை. சிறிய ஏற்ற இறக்கமே போதும். அச்சில் பின்னால் நிற்கும் செய்தி ஒலியில் முன்னால் வந்துவிடுகிறது. பிரதாபனும் ஞானாம்பாளும் வாதிடும் பகுதிகள் கேட்கும்போது விறுவிறுப்படைந்ததற்கு இதுவே முதன்மைக் காரணம் எனலாம்.

மூன்றாவது, புணர்ச்சி. பழைய உரைநடையில் சொற்கள் புணர்ந்தும் சேர்ந்தும் அச்சிடப்படுவது வழக்கம். அவனைக்கண்டவுடனெழுந்திருந்து என்பதுபோன்ற ஒரு கோவையைக் கண் எழுத்தெழுத்தாகப் பிரித்தறிய வேண்டியுள்ளது. அவனைக், கண்டவுடன், எழுந்திருந்து என்று வாய் அதனை இயல்பாகவே பகுத்துவிடுகிறது. புணர்ச்சி என்பதே ஒலிப்பின் விளைவு. ஒலிப்பதற்கு எளிதாக அமைந்த ஒன்று எழுத்தில் கடினமாவதும், மீண்டும் ஒலிக்கும்போது எளிதாவதும் வியப்பிற்குரியன அல்ல. இப்பிரிப்பை இன்றைய பதிப்பாசிரியர்களும் செய்கின்றனர் என்பது உண்மையே. ஆனால் சொற்களைப் பிரித்து அச்சிடுவதால் தொடரின் ஓட்டம் விளங்கிவிடாது. அதற்குக் குரலே துணை.

கிளைக்கதைகளும் கேட்போர் அவையும்

இந்நாவலின் பெருங்குறையாகச் சுட்டப்படுவது கிளைக்கதைகளின் மிகுதி. ஒரே அமர்வில் ஐம்பது பக்கங்களைப் படிப்பவருக்கு அவை இடையூறுகளே. நாளுக்கு ஓர் இயல் என்று கேட்பவருக்கு அவ்வாறில்லை. ஓர் இரவில் முதன்மைக்கதை சிறிதே நகர்ந்தாலும், முழுமையான ஒரு கதையைக் கேட்ட நிறைவு கிடைக்கிறது. நண்பரின் தந்தை மறுநாள் காலையில் நினைவுகூர்ந்தவை பெரும்பாலும் கிளைக்கதைகளே என்று நண்பர் கூறினார்.

விக்கிரமபுரிப் பகுதி இதற்குச் சிறந்த சான்று. வழிதவறி அந்நாட்டை அடையும் பிரதாபன், அறுந்த செருப்பைத் தைத்துக் கொடுத்தால் சந்தோஷப்படுத்துவதாக ஒரு தொழிலாளியிடம் சொல்லிவிடுகிறான். தைத்தவரோ கொடுத்த கூலியை ஏற்காமல், சந்தோஷம் வந்தால்தான் ஒப்பந்தம் நிறைவேறும் என்று வாதிடுகிறார். வழக்கு எழுகிறது, பிரதாபன் சிறைப்படுகிறான். அவனைத் தேடி ஆணுடையில் வரும் ஞானாம்பாளை அந்நாட்டு யானை மாலையிட்டு அரசனாகத் தேர்ந்தெடுக்கிறது. அரியணையில் அமர்ந்த அவள், தான் அரசனானதில் சந்தோஷமா என்று அத்தொழிலாளியிடம் வினவுகிறாள். இல்லை என்று சொல்ல அவரால் இயலுமா? சந்தோஷம் என்று அவர் வாயால் சொன்னதும் வழக்கு முடிகிறது.

நடப்பியல் அளவுகோலால் நோக்கினால் இதில் நம்பத்தகுந்தது எதுவும் இல்லை. ஆனால் இது மரியாதைராமன் கதைகளின் இனத்தைச் சேர்ந்த தீர்ப்புக்கதை. இவ்வகைக் கதையில் கேட்பவருக்கும் ஒரு பங்கு உண்டு: தீர்ப்பு வருமுன் அதனை ஊகிக்க வேண்டும். பதிவில், ஞானாம்பாள் வினவத் தொடங்கியதுமே முதியவர் விடையைக் கண்டுகொண்டு உரக்கச் சொல்லிவிட்டார். மகன் சிரித்துக்கொண்டே மீதியைப் படித்தார். இக்கட்டுரையாளர் இதே பகுதியை முன்னர்ப் பலமுறை படித்தவர். ஒருமுறையும் ஊகிக்க நின்றதில்லை. கண் அடுத்த வரிக்கு விரைந்துவிடும். குரல் தன் வேகத்தில்தான் வரும். அந்த இடைவெளியில்தான் ஊகத்திற்கு இடம் கிடைக்கிறது.

நூல் தோன்றிய சூழல்

இவ்வனுபவம் ஒரு குடும்பத்தின் தனி அனுபவமன்று. நூல் தோன்றிய காலத்தின் வாசிப்பு முறையோடு தொடர்புடையது. தமிழில் தனித்திருந்து மௌனமாகப் படிக்கும் பழக்கம் நாவலின் பரவலோடு சேர்ந்தே வளர்ந்தது. ஆ. இரா. வேங்கடாசலபதியின் நாவலும் வாசிப்பும் என்னும் நூல் 2002இல் வெளிவந்தது. வாய்விட்டுப் படித்தலும் கூட்டாகக் கேட்டலும் மௌன வாசிப்புக்கு இடந்தந்த வரலாற்றை அந்நூல் விளக்குகிறது. அல்லி அரசாணி மாலை, நல்லதங்காள் கதை முதலிய பெரிய எழுத்து நூல்கள் திண்ணைகளில் ஒருவர் படிக்கப் பலர் கேட்கும் நூல்களாகவே வாழ்ந்தன. மலாயாத் தோட்டங்களிலும் எழுத்தறிந்த ஒருவர் நாளிதழைப் படிக்க, மற்றவர்கள் சூழ்ந்திருந்து கேட்ட வழக்கத்தை மூத்தோர் நினைவுகூர்வர். திருக்குறளில் கல்வி, கல்லாமை ஆகிய அதிகாரங்களை அடுத்து 42ஆம் அதிகாரமாகக் கேள்வி வைக்கப்பட்டுள்ளது. கேள்வி என்னும் சொல் அங்கு வினாவைக் குறிக்காமல் கேட்டறிதலைக் குறிப்பதை நாம் மாணவர்களுக்குக் கற்பிக்கின்றோம். ஆனால் கேட்டறிதலைக் கல்வியின் ஒரு வழியாக உயர்கல்வியில் நாமே ஏற்பதில்லை.

வேதநாயகம் பிள்ளையின் வாழ்வும் கருதத்தக்கது. 1826இல் குளத்தூரில் பிறந்து 1889இல் மறைந்த அவர், தரங்கம்பாடி, சீர்காழி, மாயூரம் ஆகிய ஊர்களில் முன்சீப்பாகப் பணியாற்றினார். வழக்காடுவோரின் வாய்மொழியைக் கேட்டுத் தீர்ப்பளிப்பதே அவருடைய அன்றாடப் பணி. தமிழ் மக்களின் வழக்குகளை அவர்களுக்குப் புரியாத ஆங்கிலத்தில் வாதிடும் வழக்கத்தை அவர் தம் நாவலில் எள்ளி நகையாடுகிறார். தன் வழக்கைத் தன் செவியால் கேட்டு உணரும் உரிமை குறித்த கவலை அது. மேலும் அவர் சர்வ சமய சமரசக் கீர்த்தனைகளை இயற்றியவர். இசைக்கும் செவிக்கும் எழுதிப் பழகியவர். அத்தகைய ஒருவரின் உரைநடையில் கேட்போரை நோக்கிய தொனி இருப்பது இயல்பே. தமிழில் வசன காவியங்கள் இல்லாத குறையை நீக்கவே அவர் இந்நூலை எழுதினார். எழுதும்போது அவர் முன்னிருந்த மாதிரிகள் மேலைநாட்டு நாவல்கள் மட்டுமல்ல. கதை கேட்டுப் பழகிய தமிழ் மக்களும்தாம்.

எடிசன் ஒலிப்பதிவுக் கருவியை உருவாக்கியது 1877இல். இந்நாவல் அச்சானது 1879இல். இரண்டும் ஏறத்தாழ ஒரே காலத்தவை. பார்வையிழந்தோர்க்கான பேசும் நூல் சேவை பிரிட்டனில் 1935இல் தொடங்கியது. கேட்பதற்கான நூல் என்னும் கருத்து அவ்வாறு இயலாமைக்கு மாற்றாகவே அறிமுகமாயிற்று. அதனால் ஒலிநூலைப் படிக்க முடியாதவர்க்குரிய இரண்டாந்தர வழியாகக் கருதும் மனப்பான்மை இன்றும் கல்வியாளரிடையே உள்ளது. தமிழ் மரபை நோக்கினால் இம்மனப்பான்மைக்கு அடிப்படை இல்லை.

செவி தரும் சலுகை

இவ்வளவு கூறியபின், மறுபக்கத்தையும் கூறுதல் ஆய்வு நேர்மையாகும். கேட்டு முடித்தபின் இக்கட்டுரையாளர் நாவலை மீண்டும் கண்ணால் படித்தார். கேட்டபோது பெற்ற இன்பம் முழுவதும் நூலுக்குரியதுதானா என்று சோதிப்பதே நோக்கம். சில முடிவுகள் மாறவில்லை. ஞானாம்பாள் குறையற்ற பாத்திரமாகவே நிற்கிறாள். அவளுடைய அறிவு வியக்கவைக்கிறது, ஆனால் அவளது மனம் நமக்குத் திறக்கப்படுவதில்லை. துன்பங்கள் வருகின்றன; அவை பாத்திரங்களை மாற்றுவதில்லை. நல்லோர் நல்லோராகவே தொடங்கி நல்லோராகவே முடிகின்றனர். குரல் இக்குறைகளைப் போக்கவில்லை. அவை நம் கண்ணில் படாமல் நம்மை நகர்த்திச் சென்றது.

அறவுரைப் பகுதிகளில் செவியும் தோற்றது. பெண்கல்வியும் தாய்மொழியும் பேசப்படும் இடங்கள் சமூக வரலாற்று நோக்கில் மிக முக்கியமானவை. 1879இல் அவற்றை நீதித்துறையில் பணியாற்றிய ஒருவர் கதைவழியாக முன்வைத்தது துணிவான செயல். எனினும், பதிவில் அப்பகுதிகளில்தான் முதியவரின் குரல் கேட்கவில்லை. ஓரிடத்தில் நண்பர் படிப்பதை நிறுத்தி, தூங்கிவிட்டீர்களா அப்பா என்று மெல்ல வினவுகிறார். பதில் இல்லை. பதிவு அங்கே முடிகிறது. மகிழுந்தில் கேட்டுக்கொண்டிருந்த இக்கட்டுரையாளரும் அப்பகுதியில் வேறெதையோ எண்ணிக்கொண்டிருந்தார் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். கருத்து விளக்கப் பகுதிகளை நிறுத்தி, திரும்பிப் பார்த்து, ஒப்பிட்டுப் படிக்கக் கண்ணே ஏற்ற கருவி. கதைப் பகுதிகளுக்குச் செவியும் கருத்துப் பகுதிகளுக்குக் கண்ணும் என்று நூலே தன் வாசிப்பு முறையைப் பிரித்துத் தருகிறது.

இன்னொரு சலுகையும் உண்டு. அன்புடைய ஒருவரின் குரலில் எந்த நூலும் சிறக்கும். மகன் தந்தைக்குப் படித்த பதிவைக் கேட்கும்போது நூலை மதிப்பிடுகிறோமா, அவ்வுறவை மதிப்பிடுகிறோமா என்னும் ஐயம் எழுவது நியாயமே. இதனைத் தெளிவதற்காக இக்கட்டுரையாளர் பத்மாவதி சரித்திரத்தின் சில இயல்களையும் அதே நண்பரைப் படிக்கச் செய்து கேட்டார். அவை நன்றாகவே இருந்தன. ஆனால் கண்ணால் படித்தபோது இருந்ததைவிட மேம்பட்டுத் தோன்றவில்லை. ஒரே குரல் ஒரு நூலை உயர்த்தி மற்றொன்றை அதன் நிலையிலேயே வைத்தது. ஒருவரின் செவியனுபவத்தை மட்டும் கொண்டு பொதுவிதி வகுக்க இயலாது. எனினும், பிரதாப முதலியார் சரித்திரத்தின் உயர்வுக்குக் குரல் மட்டும் காரணமன்று என்று கருத இஃது இடந்தருகிறது.

வகுப்பறையில் செவிவழி வாசிப்பு

மேற்கண்ட கருத்துகளின் அடிப்படையில் ஆசிரியர்கள் பின்பற்றத்தக்க சில வழிமுறைகளை முன்வைக்கலாம்.

முதலில், நாவலின் இளமைப் பருவ இயல்களையும் விக்கிரமபுரிப் பகுதியையும் நூலைக் கையில் கொடுக்காமல் படித்துக் காட்டலாம். ஆசிரியர் நடிக்க வேண்டியதில்லை. தெளிவான ஒலிப்பும் எச்சங்களில் நிறுத்தமும் போதும். தீர்ப்புக்கதைகளில் தீர்ப்புக்கு முன் நிறுத்தி, மாணவரை ஊகிக்கச் செய்யலாம்.

இரண்டாவதாக, கேட்டபின் அதே பகுதியை அச்சில் கொடுத்துப் படிக்கச் செய்ய வேண்டும். எங்குச் சிரித்தனர், எங்குக் கவனம் இழந்தனர், அச்சில் எந்தத் தொடர் கடினமாக இருந்தது என்று மாணவர் குறித்துக்கொள்ளட்டும். அக்குறிப்புகளிலிருந்தே வினையெச்சம், நேர்கூற்று, புணர்ச்சி ஆகிய இலக்கணக் கூறுகளை விளக்கலாம். நூற்பாக்களாக மட்டும் கற்ற இலக்கணம் அப்போது பயன்பாட்டில் புலப்படும்.

மூன்றாவதாக, மாணவரையே படித்துப் பதிவு செய்யச் சொல்லலாம். ஒரு தொடரைப் பிழையின்றி வாய்விட்டுப் படிக்க வேண்டுமாயின் அதன் பொருளை முன்னரே உணர்ந்திருத்தல் வேண்டும். எங்கு நிறுத்துவது என்று தெரியாத மாணவருக்குத் தொடர் விளங்கவில்லை என்பது உடனே புலப்பட்டுவிடும். அவர்களின் பதிவுகளை வீட்டிலுள்ள மூத்தோர்க்குக் கேட்கத் தரலாம். மூத்தோரின் எதிர்வினைகளை வகுப்பிற்குக் கொண்டுவரலாம்.

நான்காவதாக, திறனாய்வுக் கட்டுரைக்கும் தேர்வுக்கும் அச்சுநூலே அடிப்படையாக இருத்தல் வேண்டும். செவி முதல் அறிமுகத்தைத் தரும். மதிப்பீட்டிற்குச் சான்று வேண்டும். சான்றைச் சுட்டப் பக்கம் வேண்டும். பார்வைக் குறைபாடுடைய மாணவர்க்கு மட்டும் இதில் வேறு ஏற்பாடு தேவைப்படும். அவர்கள் ஒலிப்பதிவின் இயல் எண்ணையும் நேரத்தையும் சுட்டினால் அதனைப் பக்க எண்ணுக்கு நிகரான சான்றாக நாம் ஏற்க வேண்டும். இது சலுகையன்று, தமிழ்க் கல்வி மரபில் நெடுங்காலம் இருந்துவந்த ஒரு முறைக்கு நாம் அளிக்கும் மதிப்பு.

முடிவுரை

பிரதாப முதலியார் சரித்திரம் கேட்டவுடன் குறையற்ற நாவலாகிவிடவில்லை. அதன் பாத்திரங்கள் இன்னும் ஒருதன்மையனவே. அதன் அறவுரைகள் இன்னும் நீளமானவையே. ஆனால் நாம் அதில் கண்ட குறைகளுள் ஒரு பகுதி நூலைச் சார்ந்தது, ஒரு பகுதி நாம் படித்த முறையைச் சார்ந்தது. தனித்திருந்து மௌனமாகப் படிக்கும் வாசகருக்காகப் பின்னாளில் உருவான அளவுகோலை, கூடியிருந்து கேட்கும் மக்களை நோக்கிப் பேசிய நூலின்மேல் வைத்து அளந்தோம். அளவு குறைந்ததில் வியப்பில்லை.

ஒரு நூலை ஏமாற்றம் அளிப்பது என்று ஆசிரியர் ஒருவர் கூறிவிட்டால், அவரிடம் பயிலும் பல தலைமுறை மாணவர்கள் அந்நூலைத் திறவாமலேயே விட்டுவிடுவர். எனவே அத்தகைய தீர்ப்பைக் கூறுமுன் அந்நூலை ஒருமுறையேனும் வாய்விட்டுப் படித்தோ, பிறர் படிக்கக் கேட்டோ பார்த்தல் நம் கடமையாகிறது. பாடநூற்பட்டியல் மீண்டும் மறுசீரமைக்கப்படும்போது பிரதாப முதலியார் சரித்திரத்தின் கதைப்பகுதிகளையேனும் அதில் சேர்க்குமாறு இக்கட்டுரையாளர் முன்மொழியவுள்ளார். நண்பரின் தந்தை நூலை இறுதிவரை கேட்டு முடித்துவிட்டார். அடுத்துக் கமலாம்பாள் சரித்திரத்தைத் தொடங்குமாறு மகனிடம் கூறியுள்ளார்.